பேசில் ஹாலின் பயண நூலில் சோழமண்டலக் கடற்கலங்கள்

முன்னுரை

பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளின் பயண நூல்கள் தமிழக வரலாற்று ஆய்வுகளில் பெரும்பாலும் சான்று திரட்டும் களமாகவே பயன்படுகின்றன. எழுதியவரின் தொழிற்பயிற்சி அவரது பார்வையை எவ்வாறு வடிவமைத்தது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. கேப்டன் பேசில் ஹாலின் (1788–1844) 'கடற்பயண, நிலப்பயணத் துணுக்குகள்' என்னும் நூலை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

வாழ்வும் பணியும்

நிலவியல் அறிஞர் சர் ஜேம்ஸ் ஹாலின் மகனாக எடின்பரோவில் பிறந்த பேசில் ஹால், 1802இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கடற்பகுதியில் சர் சாமுவேல் ஹூட்டின் கீழ்ப் பணியாற்றினார். 1816இல் 'லைரா' கப்பலின் தலைவராகக் கொரியக் கரைக்குச் சென்றார். 1817இல் செயிண்ட் ஹெலினாவில் நெப்போலியனைச் சந்தித்தார். கடற்பணியிலிருந்து விலகிய பின்னர், 1831 முதல் 1833 வரை இந்நூலை மூன்று வரிசைகளாக வெளியிட்டார்.

மாலுமியின் பார்வை

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டியிருந்தது. சென்னையின் கரையலைகளுக்கென ஹால் தனி இயலே ஒதுக்குகிறார். ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த அப்படகு, அலையின் மோதலில் பிளவுறாமல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அறைந்த கப்பற்படகுகளுக்கு அத்தன்மை இல்லை. கடலோடியாகிய ஹால், இக்கலத்தை நாகரிகக் குறைவின் அடையாளமாகக் கொள்ளாமல், அலையின் விசைக்கு ஏற்ற தொழில்நுட்பத் தீர்வாகக் காண்கிறார். சோழமண்டல மீனவர்களின் மிதக்கும் பாரந்தூக்கியை அவர் விளக்கும் இடத்திலும் இதே மதிப்பீடு வெளிப்படுகிறது. அவ்வகையில் அவரது பதிவு நம்பகமானது.

பார்வையின் எல்லை

எனினும், கலத்தைக் கூர்ந்து நோக்கிய கண் அதைக் கட்டியவரை அந்த அளவுக்கு நோக்கவில்லை. படகோட்டிகள் நூலில் ஒரு கூட்டமாகவே வருகின்றனர். திறன் போற்றப்படுகிறது; அத்திறனைத் தலைமுறைதோறும் கடத்திய அறிவு மரபும் அதன் தொழிற்சொற்களும் பதிவாகவில்லை. 'கட்டுமரம்' என்னும் சொல் ஹாலுக்கு முன்பே, 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் நூலில் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடற்கலத்தையே குறிக்கிறது. மரங்களைப் பிணைக்கும் 'கட்டு' என்னும் பொருட்கூறு அங்கு மறைந்துவிட்டது. சொல் கடல் கடந்தது. அதன் அறிவு கடக்கவில்லை.

முடிவுரை

ஹாலின் நூலைப் புகழ்ச்சிச் சான்றாக மேற்கோள் காட்டுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அவர் பதிந்த தொழில்நுட்பத்தை, அவர் பதியத் தவறிய தொழிற்சொற்களுடன் இணைத்து வாசிக்க வேண்டும். இது கடலோர ஆய்வாளர்க்கு மட்டும் உரிய பணியன்று. படகின் தையலுக்கு ஆதாரம் தென்னை நார். கொங்கு நாட்டின் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி வட்டாரங்களில் நார்த் தொழில் இன்றும் வாழ்கிறது. அங்கு வழங்கும் கயிற்றுச் சொற்களையும் கடற்கரைப் படகுச் சொற்களையும் ஒப்பிட்டுத் தொகுப்பது, ஹால் விட்ட இடைவெளியைத் தமிழின் உள்ளிருந்தே நிரப்பத் துணைபுரியும்.