நாசிக் ஷிராஸும் மிளகுக் கறியும்

சிவப்பு ஒயின் என்றதும் மும்பைத் தமிழர் பலருக்கு நினைவுக்கு வருவது கோவா போர்ட் ஒயினின் தித்திப்புதான். அந்தப் பழக்கத்தோடு நாசிக்கின் ஷிராஸ் ரக ஒயினை எடுத்தால் முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கத் தோன்றும். அதில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை, துவர்ப்பு இருக்கிறது. பதமாகச் சமைத்த வாழைப்பூவில் இருக்குமே, அந்த அளவுத் துவர்ப்புதான் நல்ல சிவப்பு ஒயினுக்கு இலக்கணம். ஈறுகளை வறட்டி இழுத்தால் அது தரம் குறைந்தது.

இந்தியாவில் இத்தகைய ஒயின் செய்யும் மரபுக்கு வயது அதிகமில்லை. 1980களில் புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம் சௌகுலே தொடங்கிவைத்தார். கன்வல் குரோவர் பெங்களூரு அருகே நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சு ரகங்களை நட்டார். ராஜீவ் சமந்த் 1999இல் நாசிக்கில் சூலா ஒயின் நிறுவனத்தைத் தொடங்கினார். 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சைத் தொழிலுக்கென ஒரு கொள்கையே வகுத்தது.

இன்று மூன்று பள்ளிகளைப் பிரித்துச் சொல்லலாம். நந்தி மலைப் பள்ளி பிரெஞ்சு வழி: கேபர்நே சாவிஞோன், ஷிராஸ் ரகங்கள் கலந்த 'லா ரிசர்வ்' அதன் அடையாளம், போர்தோவின் மிஷல் ரொலான் அதற்கு ஆலோசகராக இருந்தவர். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் பள்ளி இத்தாலிய வழி: பியெரோ மாசியின் கைவண்ணத்தில் சாஞ்ஜொவேசேயும் கேபர்நேயும் சேர்ந்த 'செத்தே'. நாசிக் பள்ளி கலிபோர்னியாக்காரர் கெரி டாம்ஸ்கியின் ஆலோசனையில் வளர்ந்தது. அதன் பெருமை திண்டோரியின் ஷிராஸ்.

என் ஓட்டு நாசிக்குக்கே. காரணம், அங்கே திராட்சைக் கொடி வளரும் விதம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி உறங்கும். இங்கே அதற்கு உறக்கமே இல்லை. அதனால் ஏப்ரலில் ஒருமுறை கவாத்து, மழை ஓய்ந்தபின் செப்டம்பர்-அக்டோபரில் மறுமுறை. இரண்டாம் கவாத்தில் பிடிக்கும் காய், சுமார் 600 மீட்டர் உயரத்துக் குளிர்ந்த இரவுகளில் முதிர்ந்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையாகிறது. உலகின் வடபாதியில் பெரும்பாலான நாடுகளில் திராட்சை பறிப்பது ஆகஸ்டுக்கு மேல்தான்.

ஷிராஸில் வரும் மிளகு வாசம் வெறும் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற சேர்மமே அதற்குக் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுசொன்னார்கள். நம் அஞ்சறைப் பெட்டியின் மிளகிலும் அதே சேர்மம்தான். குளிர் கூடினால் அது கூடும் என்பதால், ஆண்டுக்கு ஆண்டு வாசம் மாறும்.

ஆகவே தாராவியின் திருநெல்வேலி வீடுகளில் கடைசியில் மிளகை இடித்துத் தூவி இறக்கும் ஆட்டுக்கறி வறுவல்தான் இதற்கு முதல் துணை. கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மட்டுப்படுத்த, மிளகு மிளகோடு சேர்ந்துகொள்ளும். மிளகாய் தூக்கலான சால்னா வேண்டாம். ஒயினின் ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் கிளறிவிடும். மாட்டுங்காவின் சைவ வீடுகளில் மிளகு போட்டு முறுக வறுத்த சேனைக்கிழங்கு பொருந்தும். புளி ஏறிய வத்தக்குழம்பின் முன்னால் ஷிராஸ் சப்பிட்டுப்போகும். அங்கே இயல்பிலேயே புளிப்பு மிகுந்த சாஞ்ஜொவேசே தாக்குப்பிடிக்கும். செம்பூர்ச் சந்தையின் அயலை மீனுக்கு எந்தச் சிவப்பும் ஆகாது. ஒயினில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சியைத் தூண்டிவிடும்.

அறை வெப்பத்தில் பரிமாறு என்ற விதி குளிர்நாட்டு அறைகளுக்கு எழுதியது. மும்பையில் புட்டியை ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து, 16 முதல் 18 டிகிரியில் ஊற்றுங்கள். வாங்கும்போது அறுவடை ஆண்டைப் பாருங்கள். தக்கை மேலே உந்தியிருந்தால் அந்தப் புட்டி வெயிலில் வெந்தது, தொடாதீர்கள். திறந்ததை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.