சிலப்பதிகாரத்தில் சொல்லும் சான்றும்: ‘கள்வன்’ என்னும் சொல்லை முன்வைத்து

கோவலன் கொலைக்கு ஊழ்வினையைக் காரணமாகக் காட்டுவது சிலப்பதிகாரத் திறனாய்வில் பெருவழக்கு. நூலின் பதிகமே அதற்கு இடந்தருகிறது. ஆயினும் இளங்கோவடிகள் அக்கொலையை ஊழின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடவில்லை. ஒரு பொய் சொல்லாகவும், ஆணையாகவும், இறுதியில் வாள்வீச்சாகவும் மாறும் முறையைக் கொலைக்களக் காதையில் படிப்படியாகக் காட்டுகிறார். அம்மாற்றத்தைக் ‘கள்வன்’ என்னும் ஒரு சொல்லின் வழியே அறியலாம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவன் பாண்டியனிடம், கன்னக்கோலும் கவைக்கோலும் இன்றி, மந்திரத்தால் காவலரைத் துயிலச் செய்து சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகிறான். களவுக்குரிய தடயம் ஏதும் இல்லாமையே இங்குக் களவின் திறத்துக்குச் சான்றாகிவிடுகிறது. இத்தகைய கூற்றை எந்த உண்மையாலும் மறுக்க இயலாது.

ஊடிய தேவியிடம் விரைந்துகொண்டிருந்த மன்னன், சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு பணிக்கிறான். ‘கொல்ல’ எனக் கூற எண்ணியவன் ‘கொன்று’ எனக் கூறிவிட்டான் என விளக்கும் உரைமரபு உண்டு. அவ்விளக்கம் மன்னனின் நாப்பிழையையே முதன்மைப்படுத்துகிறது. பிழையோ அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது. ஆணையிலுள்ள நிபந்தனை, சிலம்பு அவன் கையில் உள்ளதா என்பதை மட்டுமே வினவுகிறது. அவன் கள்வனா என்பதை வினவவில்லை. ஆராய்ந்து நிறுவ வேண்டிய குற்றம், ஆணையில் அவனது பெயராகவே இடம்பெற்றுவிடுகிறது. மன்னன் ‘கொல்ல’ என்றே கூறியிருப்பினும் இக்குறை நீங்கியிராது.

காவலருள் ஐயம் எழுகிறது. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லன் நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டனையும் கள்வர்க்குத் துணையாக எடுத்துரைக்கிறான். நூலறிவின் சாயல் பெற்ற இவ்வடுக்கு, கண்ணால் கண்டதையே ஐயுறச் செய்கிறது. இளங்காவலன் ஒருவன் வேறொரு கள்வனைப் பற்றிய கதையைச் சொல்லி அச்சத்தை வளர்க்கிறான். கல்லாக் களிமகனின் வாள், விசாரணைக்கு இடமின்றி முடிவை நிகழ்த்துகிறது.

வழக்குரை காதையில் கண்ணகி எதிர்கொள்வதும் இதே சொல்லைத்தான். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் மன்னன். அறநெறி என்ற அளவில் அதனை மறுப்பது எளிதன்று. கண்ணகி அந்நெறியோடு வாதிடாமல், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் எனச் சோதித்தறியத்தக்க ஒன்றை முன்வைக்கிறாள். தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என மன்னன் உரைத்ததும், வழக்கு சொல்லிலிருந்து பொருளுக்கு இடம்பெயர்கிறது. உடைத்த சிலம்பின் மணி மன்னன் வாயில் தெறிக்கிறது. பிழைபட்ட ஆணை பிறந்த இடமும் அவ்வாயே.

உண்மை உணர்ந்த பாண்டியன், பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாக அறிவித்துக் கள்வன் என்னும் பெயரைத் தானே ஏற்கிறான், ஊழின்மேல் பழிபோடவில்லை. கொலை வாளால் நிகழ்ந்ததாயினும், அதற்கு வழிவகுத்தது ஆராயாது ஏற்கப்பட்ட ஒரு பெயர்ச்சொல்லே என்பதை அவனது தன்மதிப்பீடு உறுதிசெய்கிறது. ஊழை மட்டும் காரணமாக்கும் வாசிப்பு, மன்னனே ஏற்றுக்கொண்ட இப்பொறுப்பைக் காணத் தவறிவிடுகிறது.