எள்ளலின் இலக்கு: ‘தமிழ்ப்படம்’, ‘தமிழ்ப்படம் 2’ – ஒரு மதிப்பீடு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றுதற்குரிய களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைச் சுட்டுகிறார். இவற்றுள் எள்ளல் ஒன்றனையே அடித்தளமாகக் கொண்டு முழுநீளத் தமிழ்த் திரைப்படம் ஒன்றை உருவாக்க இயலுமா என்னும் வினாவுக்கு, 2010 ஜனவரியில் வெளிவந்த ‘தமிழ்ப்படம்’ ஒருவகையில் விடை பகர்ந்தது. சி. எஸ். அமுதன் இயக்கிய அப்படத்தின் இரண்டாம் பகுதி 2018 ஜூலையில் வெளிவந்தது. இயக்குநர், நாயகன் சிவா, இசையமைப்பாளர் கண்ணன், தயாரிப்பாளர் சசிகாந்த் ஆகிய அனைவரும் முன்னவரே. ஆயினும் இரண்டாவது முதலாவதற்கு நிகராகவில்லை என்பதே நம் கருத்து. அதற்குரிய காரணம் திறமைக் குறைவு அன்று. எள்ளலுக்கென எடுத்துக்கொண்ட பொருளின் வேறுபாடே என்பதை இக்கட்டுரை விளக்க முனைகிறது.

தமிழ்த் திரையில் பகடி புதிதன்று. ஆனால் நெடுங்காலம் அது கதைக்குப் புறம்பான நகைச்சுவைக் கிளைப்பகுதிக்குள் அடங்கிக் கிடந்தது. நாயகன் வீரவசனம் பேசுவான். அதே வசனத்தைச் சற்று நேரம் கழித்துக் கவுண்டமணியோ விவேக்கோ கவிழ்ப்பார். பின்னர் கதை எதுவும் நடவாததுபோல் தன் வழியே செல்லும். நாயகனை எவரும் தீண்டுவதில்லை. விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ இத்தடையை ஓரளவு தகர்த்தது எனலாம். எனினும் அது ஒரு வேளைக்கு ஒரு படத்தைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சியே. சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ (2006) அரச கதைப் படங்களின் மரபையே கையில் எடுத்தது. ‘தமிழ்ப்படம்’ இவ்வழியில் மேலும் ஓரடி வைத்து, நாயகன் என்னும் நிறுவனத்தையே நடுவில் நிறுத்தி எள்ளியது.

முதற் படத்தின் வலிமை அதன் கட்டமைப்பிலேயே உள்ளது. பிறப்பு, வளர்ப்பு, வறுமை, காதல், சவால், திடீர்ச் செல்வம், பழிவாங்கல் என ‘மாஸ்’ நாயகனின் வாழ்க்கை வரலாற்றை அது தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்கிறது. ஆகவே தனித்தனிக் கிண்டல்களைக் கோக்கும் நூல் ஒன்று அதற்குக் கிடைத்துவிடுகிறது. நாயகியின் தந்தை விடுத்த சவாலை ஏற்று ஒரு பாட்டு முடிவதற்குள் அவன் பெருஞ்செல்வனாகிவிடுவது ‘அண்ணாமலை’ போன்ற படங்களை நினைவூட்டலாம். அப்படங்களுள் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்க்கும் அக்காட்சி சிரிப்பை வரவழைக்கும். பாட்டுக்குள் காலத்தைச் சுருக்கும் உத்தி தமிழ்ப் படம் பார்ப்போர் அனைவருக்கும் பழகிப்போன ஒன்று. நாயகனின் கல்லூரி நண்பர்களாக வெண்ணிற ஆடை மூர்த்தி, எம். எஸ். பாஸ்கர், மனோபாலா ஆகிய மூத்த நடிகர்கள் வருகின்றனர். அவர்தம் பெயர்களோ நகுல், பரத், சித்தார்த். ‘பாய்ஸ்’ (2003) படத்தின் இளைஞர்களை அறிந்தோர்க்கு இது இரட்டைச் சிரிப்பு; அறியாதோர்க்கும் ஒன்றேனும் உறுதி.

‘ஓ மகசீயா’ பாடலை இங்குச் சற்று விரித்து நோக்குதல் தகும். தமிழ்த் திரைப்பாடல்களில் மெட்டை நிரப்பவென வந்து விழுந்த பொருளற்ற ஒலிச்சொற்களை மட்டுமே தொடுத்து அமைக்கப்பட்ட பாடல் அது. அதனைக் கோமாளிக் குரலில் பாடியிருந்தால் வெறும் கூத்தாக முடிந்திருக்கும். ஹரிஹரனும் சுவேதா மோகனும் உண்மையான காதற்பாடலுக்குரிய குழைவுடன் பாடுகின்றனர், மெட்டும் செவிக்கினிது. நாமும் ஒரு கணம் மயங்குகிறோம். மயங்கியபின்னரே, இத்தனை ஆண்டுகளாக எவற்றுக்கெல்லாம் மயங்கிவந்தோம் என்பது உறைக்கிறது. கேட்பவனின் சுவையுணர்வையே விசாரணைக்குட்படுத்தும் இத்தகைய எள்ளலைத் திறனாய்வின் ஒரு வடிவம் என்று கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

முதற் படம் குறையற்றது எனல் நம் நோக்கமன்று. ‘கருத்தம்மா’ (1994) காட்டிய பெண் சிசுக்கொலையைத் தலைகீழாக்கி, ஆண் குழந்தைகளைக் கொல்லும் ‘சினிமாபட்டி’ என்னும் ஊரில் கதை தொடங்குகிறது. எள்ளப்படுவது அக்கொடுமையைத் திரையில் காட்டிய முறையே என வாதிடலாம். எனினும் அச்சிரிப்பு ஏதோ ஒரு விலை கொடுத்துப் பெறப்பட்டது என்னும் நெருடல் நமக்கு நீங்கவில்லை.

இரண்டாம் படத்தில் சிவா காவல்துறை அதிகாரி. பல வேடங்களில் தோன்றும் ‘பி’ என்னும் எதிராளியாகச் சதீஷ் நடித்துள்ளார். இங்கு எள்ளலின் இலக்கு மரபிலிருந்து நிகழ்வுக்கு நகர்ந்துவிடுகிறது. ‘விவேகம்’, ‘விக்ரம் வேதா’ (இரண்டும் 2017) எனக் கண்முன் நின்ற படங்களின் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன. (‘விக்ரம் வேதா’வைத் தயாரித்ததும் இதே நிறுவனமே, சொந்த வீட்டுப் பண்டத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதைப் பாராட்டலாம்.) பார்வையாளரின் சிரிப்பு இங்குப் பெரும்பாலும் அடையாளங் காண்டலின் சிரிப்பு: ‘இது இன்ன படம்’ என்று கண்டுகொண்டதும் வேலை முடிந்துவிடுகிறது. மூலப் படத்தைப் பற்றி அக்காட்சி புதிதாக என்ன சொல்கிறது எனக் கேட்டால் பலவிடத்தும் விடையில்லை. மூலம் மறக்கப்படுந்தோறும் கிண்டலும் உடன் மறையும். ‘பாட்டி’யே மர்மத் தலைவன் ‘டி’ என வெளிப்படும் முதற்படத்தின் முடிவுக்கு இத்தகைய காலவரையறை இல்லை. பேரனின் நாயகப் புகழுக்காகவே அவள் தீயவளானாள் என்னும்போது, நாயகனுக்கெனவே வில்லன் படைக்கப்படும் தமிழ்த் திரைக்கதையின் தருக்கம் அம்பலமாகிறது. பரவை முனியம்மாவின் வெள்ளந்தி முகம் அதற்குத் துணைநின்றது.

காலமாற்றத்தையும் கணக்கிற்கொள்ள வேண்டும். 2010க்கும் 2018க்கும் இடையில் கைப்பேசிகளில் உலவிய ‘மீம்’கள் இப்பணியைத் தம்வசமாக்கிக்கொண்டன. ஒரு படம் வெளியான மாலையிலேயே அதன் மிகை கேலிக்குள்ளாகிவிட்ட சூழலில், ஓராண்டு கழித்து அதையே கேலி செய்ய வரும் திரைப்படம் பிந்திய விருந்தாளியாகிறது. பெருநாயகர் படங்களும் தம்மைத் தாமே சற்று கிண்டல் செய்து முந்திக்கொள்ளக் கற்றுவிட்டன. இத்தடைகளை முதற் படம் எதிர்கொள்ள நேரவில்லை.

ஓரிடத்தில் மட்டும் பின்னது முன்னதை விஞ்சுகிறது. செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுக்கும். ஓ. பன்னீர்செல்வம் 2017 பிப்ரவரியில் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் தியானத்தில் அமர்ந்த காட்சியை, படம் வெளிவருமுன்னரே அதன் முதல் விளம்பரத் தோற்றமாக்கினர். எவர் பெயரையும் கூறாத, ஆயின் எவர்க்கும் ஐயமெழாத பழிகரப்பு அது. முதற் படம் துணியாத அரசியற் களத்தில் இது கால் வைத்தது. இத்துணிவு படம் முழுவதற்கும் முதுகெலும்பாகியிருந்தால் நம் தீர்ப்பு வேறாகியிருக்கும். படத்தில் அரசியல் அவ்வப்போது எட்டிப்பார்க்கிறது, கதையை நடத்துவதில்லை.

பகடியைப் பாடமாக்க விழையும் ஆசிரியர்களுக்கு இவ்வேறுபாடு நடைமுறைப் பயனுடையது. நம் மாணவர்களுக்குப் பகடி என்றாலே ஒருவரைப் போல் பேசிக் காட்டுதல் என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ‘ஓ மகசீயா’வை முதலில் கேட்கச் செய்து, பாடலின் பொருளை எழுதித் தருமாறு பணித்தால், போலச்செய்தலுக்கும் எள்ளலுக்குமுள்ள இடைவெளியை அவர்களே கண்டுகொள்வர். இரண்டாம் படத்தின் காட்சிகளை அவ்வாறு பயன்படுத்த வேண்டுமெனில், முதலில் நான்கைந்து படங்களின் கதையை ஆசிரியர் சொல்லியாக வேண்டும்; அதற்குள் பாடவேளை கழிந்துவிடும்.

இரு படங்களுக்கும் இடையில் அமுதன் ‘ரெண்டாவது படம்’ என்னும் பெயரில் ஒன்றை எடுத்தார். அது திரைக்கு வரவில்லை. 2018க்குப் பின்னர் அவர் பகடியைத் தொடரவில்லை. 2023இல் வெளிவந்த அவரது ‘ரத்தம்’, பத்திரிகையாளன் ஒருவனை மையமாகக் கொண்ட, சிரிப்புக்கு இடமளிக்காத துப்பறியும் கதையாகும்.