புலியும் சம்பளமும்

வேலையைப் பற்றி நம்மூர் இளம் எழுத்தாளர்கள் எழுதும் சிறுகதைகளில் ஒரு அச்சு உருவாகிவிட்டது. நாயகனுக்குப் பிடிக்காத ஆபீஸ் வேலை. மேனேஜர் கொடுமைக்காரர். பி.டி.பி.டி.என் கடன், கார் தவணை, அம்மாவின் மருந்துச் செலவு என்று மாசக் கடைசி கழுத்தைப் பிடிக்கும். உள்ளே ஒரு கவிஞன் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான். கடைசிப் பத்தியில் ராஜினாமா கடிதத்தைக் கொடுப்பான், இல்லாவிட்டால் கிழித்துப் போடுவான். எது நடந்தாலும் வாசகனுக்கு ஒரே செய்திதான்: அர்த்தம் ஒரு பக்கம், சம்பளம் இன்னொரு பக்கம், நடுவில் நீ.

இந்த அச்சை உடைக்க அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையைத் திரும்ப வாசிக்கலாம். பலருக்குத் தெரிந்த கதைதான். சினிமா ஸ்டூடியோவின் கதை இலாகாவுக்கு டகர் பாயிட் காதர் என்ற ஒருவன் வேலை கேட்டு வருகிறான். அவனுக்குத் தெரிந்தது புலி வேஷம் மட்டும். பையிலிருந்து புலித்தலையை எடுத்து மாட்டிக்கொண்டு அந்த அறையிலேயே புலியாகிறான். பார்ப்பவர்கள் உண்மையிலேயே பயந்துபோகிறார்கள். தலையைக் கழற்றியதும் பழையபடி பசித்த மனிதன். வீட்டில் மனைவி சேர்ப்பதில்லை என்று அழுகிறான், காலில் விழுகிறான். பிறகு அவனுக்கு ஒரு வாய்ப்பு வருவதுபோல் தெரிகிறது. எழுதிய கடிதம் ஆளில்லாமல் திரும்பி வருகிறது.

வழக்கமாக இதை இரண்டு விதமாகப் படிக்கிறோம். ஒன்று, கலையின் உச்சம். இன்னொன்று, கலைஞனைக் கைவிட்ட சமூகம். இரண்டிலும் நம் கண் காதர் மேலேயே இருக்கிறது. கதையைச் சொல்பவனை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கதை தொடங்குவதே அவனிடமிருந்துதான். ஸ்டூடியோவில் படவேலை நடக்காத காலம் அது. கதை இலாகாவில் இருப்பவர்கள் வருகிறார்கள், உட்கார்கிறார்கள், பேசுகிறார்கள், மாசமானால் சம்பளம் வாங்குகிறார்கள். சர்மா ஒரு காலத்தில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டராக இருந்து, நாடகமும் கதையும் எழுதி அந்த நாற்காலிக்கு வந்தவர். அவருக்கும் எழுத எதுவும் இல்லை.

அதாவது அந்த அறையில் சம்பளம் இருப்பவர்களிடம் வேலை இல்லை. வேலை தெரிந்தவனிடம் சம்பளம் இல்லை. இரண்டும் சில நிமிஷங்கள் ஒரே அறையில் நிற்கின்றன. நம் கதைகளின் மேனேஜரைப் போல இங்கே கெட்டவர் யாருமே கிடையாது. சர்மா இரக்கமுள்ளவர், தன்னால் முடிந்ததைச் செய்கிறார். ஆனாலும் நடக்கவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காததால்தான் கதை முடிந்தபிறகும் நம்மை விடமாட்டேன் என்கிறது.

இதை எழுதியவர் அந்த நாற்காலியை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. அசோகமித்திரன் 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். அந்த வருஷங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நூலில் தன் வேலை என்னவென்று சொல்கிறார்: செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளைக் கிழித்தெடுத்துக் கோப்பில் சேர்ப்பது. பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றும், அதனால் ஆளாளுக்கு வந்து புத்தி சொல்வார்கள். மேக்கப் பகுதியில் நாற்பதைத் தாண்டிய ‘ஆபீஸ் பாய்’ ஒருவர். நடிகனாகவோ டைரக்டராகவோ பாட்டெழுதுபவராகவோ ஆகலாம் என்று வந்தவர், கூட்டக் காட்சிக்காரர்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறார். தன் இலக்கியத் திறமை வீணாகிறது என்று வந்து புலம்புவார். நம் கதைகளின் நாயகன் இவர்தான்! அசோகமித்திரன் அவரைக் கேலியும் கருணையுமாகப் பார்க்கிறார். ஆனால் நாயகனாக்கவில்லை. தனக்கும் அந்த இடத்தைக் கொடுத்துக்கொள்ளவில்லை.

இதிலிருந்து ‘சம்பள வேலையே எழுத்தாளனுக்கு நல்லது’ என்று ஒரு பாடம் எடுத்துவிடக் கூடாது. பதினாலு வருஷம் காகிதம் கிழிப்பது லேசான விஷயமில்லை. நான் சொல்வது வேறு. அர்த்தமில்லாத வேலையில் உட்கார்ந்திருந்தபோதும் அவர் பக்கத்து மேசையைப் பார்த்தார். நாம் நம்மை மட்டும் பார்க்கிறோம். அதனால்தான் நம் கதைகளில் வரும் அலுவலகத்தில் என்ன வேலை நடக்கிறது என்றே தெரிவதில்லை. கம்ப்யூட்டர் இருக்கும், மீட்டிங் இருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் குறை இன்று வந்ததில்லை. நம் தோட்டக் கதைகளில் பெரட்டு வரும், கங்காணி வருவார், அட்டைக்கடி வரும். அந்தத் துயரம் உண்மை, அதை எழுதியே ஆகவேண்டும். ஆனால் பால்மரத்தில் கத்தி வைப்பது ஒரு கைநுணுக்கம். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், பட்டை சரியாக வளராது. மேலாகச் சீவினால் பால் குறையும். அரை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், அந்த அளவைக் கை அறிந்திருந்தது. வயிற்றுக்காகச் செய்த வேலைதான், அர்த்தம் தேடி யாரும் வெட்டுக்குப் போகவில்லை. இருந்தும் அந்தக் கையில் காதரின் பாய்ச்சலுக்குச் சமமான ஏதோ ஒன்று இருந்தது. நான் வாசித்தவரை அந்தக் கை நம் கதைகளில் அபூர்வமாகவே வந்திருக்கிறது. பாட்டியின் கஷ்டத்தை எழுதினோம், அவர் தன் வேலையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை எழுத மறந்தோம்.

இன்று கிராப் ஓட்டிக்கொண்டோ, கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டோ எழுதுகிற தம்பி தங்கைகளிடம் வேலையை விடு என்றும் சொல்லமாட்டேன், பொறுத்துக்கொள் என்றும் சொல்லமாட்டேன். வாடகை யாருடையது என்று தெரியாமல் அறிவுரை சொல்லக்கூடாது. ஒன்று மட்டும் கேட்பேன். அடுத்த கதையில் ராஜினாமா கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கத்துகிற கஸ்டமரை மூன்றே வாக்கியத்தில் அமைதியாக்கும் அக்காவை எழுதுங்கள். அவருக்கு அது அர்த்தமுள்ள வேலையா, பில் கட்டும் வேலையா என்று நீங்களே முடிவு செய்துவிடாமல் எழுதுங்கள்.