தெஸ்தினோஸ்: நெடுந்தொடராக வந்த மொழிப்பாடம்

கல்லூரிக்கு நேரில் செல்ல இயலாதவர்கள் தொலைக்காட்சி வழியே பயின்ற தொலைநிலைப் பாடங்களுள், மொழி கற்றல் ஆய்வாளர் பில் வான்பேட்டன் வடிவமைத்து 1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தெஸ்தினோஸ்' என்னும் ஸ்பானிய மொழிப்பாடம் தனியழகு உடையது. அரைமணி நேர அளவிலான 52 பகுதிகளைக் கொண்ட இது, இலத்தீன் அமெரிக்க இல்லங்கள் விரும்பிப் பார்க்கும் 'தெலெநொவெலா' எனும் நெடுந்தொடரின் வடிவையே பாடநூலாக்கிக்கொண்டது. மெக்சிகோவில் நோயுற்றிருக்கும் முதியவர் தோன் பெர்னாந்தோவுக்கு, 1937இல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரக் குண்டுவீச்சில் இறந்துவிட்டதாகத் தாம் நம்பிய முதல் மனைவியைப் பற்றி ஒரு கடிதம் வர, உண்மையறிய ராக்கெல் என்னும் வழக்கறிஞர் ஸ்பெயின், அர்ஜென்டினா, புவேர்ட்டோ ரிக்கோ எனப் பயணம் செய்கிறார்.

பேச்சை மூன்று அடுக்காக அமைத்ததே இதன் தலைசிறந்த நுட்பம்: கதைசொல்லி நிதானமாகப் பேசுவார், ராக்கெல் நடந்தவற்றை மாணவரை நோக்கித் தொகுத்துரைப்பார், பாத்திரங்களோ தமக்குள் இயல்பான வேகத்தில் உரையாடுவர். முடிந்த செயலுக்கு ஒரு வடிவம், நீடித்த நிலைக்கும் வழக்கத்துக்கும் மற்றொரு வடிவம் என இரண்டாகப் பிரியும் ஸ்பானிய இறந்தகாலம் இடைநிலை மாணவரை மிகவும் வருத்துவது; பழையதைத் தேடிச் செல்லும் இக்கதையில் அவ்விரண்டும் காட்சிதோறும் தேவைப்படுவதால், அட்டவணையை மனனம் செய்வதற்கு முன்னரே அவற்றின் வேறுபாடு செவியில் படிந்துவிடுகிறது. ஸ்பெயினின் செவீயா நகர உச்சரிப்பும், 'நீ' என்பதற்கு வேறு சொல்லையே ஆளும் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் வழக்கும் ஒரே பாடத்தில் கேட்கக் கிடைப்பது, ஓர் ஆசிரியர் குரலை மட்டுமே அறிந்த வகுப்பறை எளிதில் தர இயலாத பேறு.