காலி வீட்டின் பெயர்

ந. முத்துக்குமாரின் ‘அணிலாடும் முன்றில்’ நூலை, உறவுகளின் அருமையைச் சொல்லும் புத்தகம் என்றுதான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அம்மா, அப்பா, அக்கா, தாய்மாமன் என்று அத்தியாயத்துக்கு ஓர் உறவு. படித்து முடித்ததும் ஊருக்குப் போன் போடத் தோன்றும்தான். ஆனால், அந்தப் பரிந்துரையோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது. அது தலைப்பிலேயே தொடங்குகிறது.

குறுந்தொகையின் 41ஆம் பாடலில் வரும் தொடர் அது. காதலர் உடனிருந்தால் விழா நடக்கும் ஊர்போல மகிழ்வேன், பிரிந்தால் ஆட்கள் விட்டுப்போன வீடுபோலப் பொலிவிழப்பேன் என்கிறாள் தலைவி. அந்த வீட்டு முற்றத்தில்தான் அணில் விளையாடுகிறது. விரட்ட ஆளில்லை, அதனால் விளையாடுகிறது. ஆக, உறவுகளைப் பற்றிய புத்தகத்துக்கு முத்துக்குமார் வைத்தது ஒரு காலி வீட்டின் பெயர்.

இதை மனசில் வைத்துப் படித்தால் புத்தகம் வேறு மாதிரித் திறக்கிறது. சிறுவயதிலேயே தாயை இழந்தவர் அவர். காஞ்சிபுரம் பக்கத்துக் கன்னிகாபுரத்திலிருந்து வந்து, சென்னையில் ஓயாமல் பாட்டெழுதிய காலத்தில், இனிமேல் திரும்பிப் போக முடியாத ஒரு வீட்டுக்குள் எழுத்தின் வழியாக நுழைந்து பார்க்கிறார். மகனுக்கு எழுதிய கடிதத்தில்கூட, சொந்தக்காரர்களிடம் நெருக்கமும் வேண்டும், விலகலும் வேண்டும் என்கிறார். உறவை வெறுமனே கொண்டாடுபவர் அப்படிச் சொல்லமாட்டார்.

சிக்கல் அவருடைய தொழிலில் இருந்து வருகிறது. மெட்டுக்கு எழுதுபவர் நாலு வரியில் கேட்பவரைப் பிடித்தாக வேண்டும். சரணம் நச்சென்று முடியணும். தேசிய விருது பெற்ற ‘ஆனந்த யாழை’ பாடலில் தந்தை மகள் பாசம் அப்படித்தான் நிற்கிறது. மிச்சத்தை இசையும் குரலும் சுமக்கின்றன. உரைநடையில் அந்த உதவி கிடையாது. கட்டுரை தானாக முடிந்த பிறகும் ஓர் அழகான வரி வந்து நம் கண்ணைத் துடைத்துவிடுகிறது. கசப்பும் வருகிறது, ஆனால் உட்கார்ந்து பேசுவதில்லை. இதே ஆள் ‘வேடிக்கை பார்ப்பவன்’ தொடரில் தன்னையே ‘இவன்’ என்று தள்ளி நிறுத்தி எழுதும்போது, அந்த இடைவெளி எழுத்தை இறுக்கமாக்குகிறது.

இங்கே மலேசியாவில் அப்பா, பாட்டி பற்றி முகநூலில் எழுதும் நம் வயசுக்காரர்கள் பலர் முத்துக்குமாரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கடைசி வரியைத்தான். காலி வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நமக்குக் காலி வீட்டுக்கா பஞ்சம்? தோட்டத் துண்டாடலிலும் அப்புறம் வந்த மேம்பாட்டிலும் லயங்கள் ஆளில்லாமல் போனதை நம் தாத்தா பாட்டிமார் பார்த்தார்கள். அந்த வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள், கிளம்பும்போது யாரை விட்டுவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் இன்னும் எழுதித் தீரவில்லை.

முத்துக்குமார் 2016இல், 41 வயதில் இறந்தார். புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். முதலில் அந்தக் குறுந்தொகைப் பாடலைப் படித்துவிட்டு, பிறகு ‘அம்மா’வுக்கு வாருங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பத்திக்கு முன்னால் கொஞ்சம் நின்று பாருங்கள். பல இடங்களில் அங்கேயே எல்லாம் சொல்லி முடிந்திருக்கும்.