நிழலைக் காட்டும் படமும் நோயைத் தீர்க்கும் வழியும்

எக்ஸ்ரே கருவி வந்துவிட்டால் ஏழை நாட்டின் நோய் தீர்ந்துவிடும் என்பார் உளர். அக்கூற்றில் பாதி உண்மையே உண்டு. மறுபாதியைக் காசநோயின் வரலாறு காட்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் மக்களை மாய்த்த நோய்களுள் காசநோய் முன்னின்றது. நெருக்கமான குடியிருப்பும் அரைவயிற்று உணவும் அதனை வளர்த்தன. 1947ஆம் ஆண்டு, 'சாட்டா' எனப்படும் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தோன்றி, மார்பு எக்ஸ்ரேயைத் துணைக்கொண்டு நோயாளரைத் தேடியது. சிராங்கூன் வட்டாரத்துக்கு அணித்தேயுள்ள டான் டோக் செங் மருத்துவமனை காசநோய்ச் சிகிச்சையின் நடுவிடமாயிற்று. 1960களில் அரசும் பொதுமக்களுக்குப் பெருந்திரளாக மார்புப் படம் எடுத்தது. இருமல் தோன்றுமுன்னரே நோய் நிழலாய்ப் படத்தில் விழக்கூடும். படத்தின் பெருமை அதுவே.

ஆயினும் நிழலெல்லாம் காசநோய் அன்று. ஆறிய வடுவும் நிழல் தரும், புற்றும் தரும். கிருமி உண்டா என்பதைச் சளிச் சோதனையே உறுதி செய்யும். நோயைத் தீர்ப்பதோ மருந்து. சென்னையில் நடந்து 1959இல் வெளிவந்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் சானட்டோரியத்தில் தங்கியவரைப் போலவே ஏறத்தாழக் குணமடைவர் என நிறுவியது. படுக்கை வசதி குறைந்த நாடுகளுக்கு அது வழிதிறந்தது.

கருநாடகத்துத் தும்கூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 1963இல் வெளிவந்தது. சளியில் கிருமியுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர் என்றும், அவருள் பலர் வெறும் இருமல் மருந்துடன் அனுப்பப்பட்டனர் என்றும் அது காட்டியது. வாயிலில் வந்து நின்ற நோயாளரைக் கைவிட்டு, வாராதவரைத் தேடி வண்டி அனுப்புதல் முறையாகுமா?

1974இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, பொதுமக்கள் அனைவரையும் வரிசையாகப் படமெடுக்கும் முறையைக் கைவிடுமாறு கூறியது. 2021இலோ அந்நிறுவனமே, மார்புப் படத்தைக் கணினி கொண்டு ஆராயும் முறையைப் பரிந்துரைத்தது. இது முரண்போலத் தோன்றும், முரண் அன்று. முன்னதில், செலவு மிகுதி, பயன் குறைவு என்பது தடை. பின்னதில், படம் பார்த்துச் சொல்லும் வல்லுநர் இல்லாத ஊர்க்கும் கணினி துணையாகிறது. ஆனால் கணினியும் நிழலையே சுட்டும். மருந்தைக் கொண்டுவந்து கொடாது.

ஆகவே எத்தனை படம் எடுத்தோம் என்பது கணக்கன்று. நிழல் கண்டவருள் எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், நோயுற்றோருள் எத்தனை பேர் மருந்தை முழுவதும் உண்டு முடித்தனர் என்பதே கணக்கு. கருவி வாங்கும் நாடு அவ்விரண்டுக்கும் முதலில் ஏற்பாடு செய்தல் வேண்டும்.